விரத நாள்களில் கோபம் ஏன் கூடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசம் நெருங்கினால் காவடியின் உயரம், உறுமி மேளத்தின் சத்தம், இளைஞர்களின் ஆட்டம் என்று வாசகர் கடிதங்கள் வரிசை கட்டும். அந்தக் கண்டனங்களில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு முந்திய 48 விரத நாளும் வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மாலை போட்டவர் சிடுசிடுப்பதும், சாமி கோபமாக இருக்கிறார் என்று பிள்ளைகள் ஒதுங்கிப் போவதும் எங்கள் தோட்டப் பக்கத்து வீடுகளில் சாதாரணம்.

இந்தக் கோபத்தில் பாதி வயிற்றிலிருந்து வருவது. கோப்பியை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும் இருக்கும். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். விடுவதென்றால் மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே படிப்படியாகக் குறைத்து வருவது நல்லது. ஒரு வேளைச் சாப்பாடு கடையில் உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்குச் சரிப்படும். 15, 20 கிலோ செம்பனை (எண்ணெய்ப்பனை) குலையை வெட்டித் தள்ளுவண்டியில் ஏற்றுபவருக்கு மதியத்துக்குள் கண் இருட்டும். அவர் காலையில் பசியாறிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். பருப்பு, தெம்பே (புளிக்கவைத்த சோயா), பால் தினமும் வேண்டும், தண்ணீரும் தாராளமாக வேண்டும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழலாம். மாலை போடுமுன் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது பக்திக்குக் குறைவில்லை. (கோழித்தொடை வடிவில் செய்த சைவ இறைச்சியை வாரத்துக்கு நான்கு நாள் வாங்கித் தின்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே வயிறுதான் விரதம் இருக்கிறது, நாக்கு இல்லை.)

வயிற்றைச் சரி செய்த பிறகும் மிஞ்சி நிற்கும் கோபம் நம்முடையது. விரதம் அதற்காகத்தான் என்பது எங்கள் கருத்து.

அதைப் பிடிக்க ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். இரவு படுக்குமுன் நான்கு விஷயம் எழுத வேண்டும்: யாரிடம் சீறினோம், மணி என்ன, கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, வாயிலிருந்து வந்த சொல் என்ன. அந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லாரும் நழுவுவார்கள். "கொஞ்சம் கோபப்பட்டேன்" என்று எழுதினால் பயனில்லை. "உனக்கு அறிவிருக்கா?" என்று கேட்டிருந்தால் அதையே எழுத வேண்டும். எதிராளி செய்த குற்றத்துக்கு அதில் இடமே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மூன்றாம் நாளே அது புகார்ப் புத்தகமாகிவிடும். இரண்டு வாரம் கழித்துப் புரட்டினால் சில சீற்றங்கள் மாலை ஐந்து, ஆறு மணிக்குக் குவிந்திருக்கும். அவை பசி, நான்கு மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு குவளைப் பாலும் போதும். வயிறு நிறைந்திருக்கும்போதும் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப வரும் சீற்றத்துக்கு வாழைப்பழம் மருந்தாகாது. அது பழைய கடனாக இருக்கும், பங்கு பிரித்த மனத்தாங்கலாக இருக்கும், பேச்சு வார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி விவகாரமாக இருக்கும். காவடி எடுக்குமுன் அந்த வீட்டுப் படியேறிப் பேச வேண்டும். அலகு குத்திக்கொள்வதைவிட இது கடினம் என்பதால்தான் பலர் அலகோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஜபத்திலும் அவசரம்தான். "ஓம் சரவணபவ" என்று 108 முறை வாய்விட்டு நிதானமாகச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டே நிமிடத்தில் முடிகிறது என்றால் நாக்கு மட்டும் ஓடுகிறது. எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதில்லை. எழுந்ததிலிருந்து குளித்துக் கும்பிடும் வரை கைப்பேசியைத் தொடாமலும் பேசாமலும் இருந்தால் அந்த 108 மனத்தில் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அரை மணி நேர மௌனம்தான் நடக்கும். ஒரு மணி நேரம் என்று சபதம் எடுத்தால் அந்தப் பாரம் மனைவி தலையில் விழும்.

ஏற்கெனவே அவர் தலையில் பாரம் இருக்கிறது. சாமிக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு, விடியற்காலைத் தலைக்குளிப்பு; பிறகு மற்றவர்களுக்கு வேறு சமையல். அந்த 48 நாளில் வேலை கூடுவது அந்த அம்மாவுக்கு, மாலை மரியாதை ஐயாவுக்கு. விரதம் இருப்பவர் வாரத்தில் இரண்டு நாளாவது தன் உணவைத் தானே சமைத்து, தன் தட்டைத் தானே கழுவட்டும்.

ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களானாலும், உள்ளூர் முருகன் கோயிலோடு நிறுத்திக்கொள்கிறவர்களானாலும், மாலை போடும் அன்று கோயிலில் உணவுக் கட்டுப்பாட்டைச் சொல்லியே அனுப்புகிறார்கள். ஆலய நிர்வாகத்தினர் அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி இந்த நோட்டுப் பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்கலாம். தைப்பூசத்துக்குப் பின் நடக்கும் இடும்பன் பூசை முடிந்து ஒரு வாரம் கழித்து அதே அடியார்களை மறுபடி கூப்பிடவும் வேண்டும். மாலை இறங்கிய மறுநாளே பீர் போத்தல் திறப்பவர்கள் உண்டு. அந்த வாரத்தில்தான் அவர்களிடம் பேச ஆள் தேவை. இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள நோட்டுப் புத்தகத்தை உபயமாகக் கொடுக்கவும் எல்லா ஊரிலும் ஆள் கிடைப்பார்கள்.

இவண்,
சமய வகுப்பு நடத்துவோர்,
சுங்கை சிப்புட், பேராக்