யாரும் போன் வாங்க வேண்டாம்: ஐந்து நிமிட வீடியோ பாடங்கள் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா, அப்பா, பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி, தாத்தா எல்லோருக்கும்,

வணக்கம். போன வாரம் நம் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் (மேல் பிரிவில்) இருந்து ஓர் அம்மா, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் உடுப்போடேயே என் அறைக்கு வந்தார். "சேர், பத்தாம் வகுப்புப் புள்ளைங்க எல்லாருக்கும் புதுப் போன் வாங்கணுமாமே? காதுல இருக்கிற தோட்ட அடகு வைக்கலாமான்னு வீட்ல பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார். எனக்குப் பகீரென்றது.

யாரும் போன் வாங்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் அப்படிக் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் மாட்டாது. யார் கிளப்பிய கதை என்று நான் தேடப் போவதுமில்லை. பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் "பிள்ளைகள் வீடியோவைப் பார்த்துவிட்டு வரவும்" என்று போட்ட ஒரு வரி, மூன்று டிவிஷன் ஏறி இறங்கிய பிறகு "போன் வாங்கிக்கொண்டு வரவும்" என்று ஆகியிருக்கிறது. அந்த வரியை அரைகுறையாக எழுதியவன் நான்தான். அதனால் இப்போது விளக்கமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தவணையில் இருந்து தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சில பகுதிகளைச் சின்னச் சின்ன வீடியோக்களை வைத்துக் கற்பிக்கிறோம். ஒரு வீடியோ நான்கு அல்லது ஐந்து நிமிடம். பெரும்பாலானவை நம் ஆசிரியர்களே எடுத்தவை. கணித டீச்சர் இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே பெரிய அடிமட்டத்தை வைத்து, அதில் தன் போனைக் கட்டித்தான் படம் எடுக்கிறார். அவர் முகம் வராது. கொப்பியில் எழுதும் கை தெரியும், குரல் கேட்கும், தகரத்தில் மழை விழும் சத்தமும் சேர்ந்து கேட்கும். அந்தச் சத்தத்தை நீக்கிவிடலாம் என்று ஓர் இளம் ஆசிரியர் சொன்னார். விடுங்கள், நம் பிள்ளைகளுக்கு அது இல்லாவிட்டால்தான் தூக்கம் வரும் என்றேன்.

ஏன் இந்த வேலை என்றால், முதல் காரணம் அந்த மழையேதான். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நம் பக்கம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கீழ் டிவிஷன் பிள்ளைகள் மூன்று நாள் வரமாட்டார்கள். அவர்கள் திரும்பி வரும்போது வகுப்பு இருபடிச் சமன்பாட்டில் பாதி தூரம் போயிருக்கும். மழை இல்லாத நாட்களிலும் வராமல் இருப்பவர்கள் உண்டு. தம்பிக்குக் காய்ச்சல், அம்மா மலைக்குப் போயிருப்பார், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் "சும்மாதான் சேர்" என்பார்கள். சும்மா இல்லை என்று எனக்கும் தெரியும். தவறிய பாடத்தை டீச்சர் இன்னொரு தடவை முழுதாக எடுக்க ஒரு பாடவேளையில் இடமில்லை. பதிவு செய்த ஐந்து நிமிடம் இருந்தால் இடைவேளையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பிள்ளை பார்த்துவிடலாம்.

இது நாங்கள் கண்டுபிடித்த யோசனை இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து வுட்லண்ட் பார்க் என்ற ஊரும் நம்முடையதைப் போல ஒரு மலை ஊர்தான். ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு இரசாயனவியல் ஆசிரியர்கள் 2007 அளவில் அங்கே இதே தலைவலியோடு இருந்தார்கள். அவர்களுடைய மாணவர்கள் விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தூர ஊர்களுக்குப் போய்ப் பாடத்தைத் தவறவிட்டார்கள். ஆசிரியர்கள் பாடத்தைப் பதிவு செய்து கொடுத்தார்கள். அப்புறம் ஒரு படி மேலே போய், விளக்கத்தை வீட்டில் பார்ப்பது, கணக்கை வகுப்பில் செய்வது என்று முறையையே தலைகீழாக்கிவிட்டார்கள். அந்த இரண்டாவது பகுதியை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே அறைக் காம்பராவில் ஐந்து பேர், வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு கொழும்புக்குப் போய்விடும் என்றால் பிள்ளை எதை வீட்டில் பார்ப்பது? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது சிக்னல் தேடிக் குடையோடு தேயிலை மலையில் ஏறி, அட்டைக்கடி வாங்கிய பிள்ளைகளை நான் மறக்கவில்லை. ஒரு மணித்தியால வகுப்பில் 20 நிமிடத்துக்குள் டேட்டா முடிந்துவிடும். ஆகவே நம் பள்ளிக்கூடத்தில் வீடியோவை முதலில் வகுப்பில்தான் காட்டுவோம். வீட்டில் பார்ப்பது வசதி இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் இரண்டாம் தடவையாக.

ஏன் இவ்வளவு குட்டி வீடியோ என்று சிலர் கேட்டீர்கள். இதற்கு என் சொந்தத் தோல்வியையே சொல்லலாம். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆசிரியர் லீவில் இருந்தபோது தரம் 11க்குக் குருதிச் சுற்றோட்டம் எடுக்கப் போனேன். இணையத்தில் அருமையான ஒரு படம் கிடைத்தது. 28 நிமிடம். ஜன்னலை எல்லாம் மூடி, புரொஜெக்டரைப் போட்டுவிட்டேன். வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. முடிந்ததும் கேட்டேன், வலது இதயவறையில் இருந்து குருதி எங்கே போகும்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பின் வாங்கில் (பெஞ்சில்) இருந்த ஒருவன், "சேர், அந்தச் சிவப்பு நல்லா இருந்திச்சு" என்றான். அவன் மேல் பிழையில்லை. 28 நிமிடம் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்தது நான்.

ஹாவர்ட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்கள் தொடங்கிய எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் நான்கு பாடநெறிகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மாணவர்கள் வீடியோ பார்த்த 69 இலட்சம் தடவைகளை அலசியிருந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்களில் பாதிப்பேராவது ஆறு நிமிடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்களுக்கே அப்படி என்றால், காலையில் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்த பதினைந்து வயதுப் பிள்ளையை என்ன சொல்வது? அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. தயாராக அச்சடித்த பக்கங்களைக் காட்டும் வீடியோவைவிட, ஒருவர் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோவைத்தான் மாணவர்கள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். நம் டீச்சரின் கதிரை, அடிமட்டம் ஏற்பாட்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இணையத்தில்தான் ஆயிரக்கணக்கில் தமிழ் வீடியோ இருக்கிறதே, அதைக் காட்டினால் போதாதா? இது நல்ல கேள்வி. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் இருப்பவற்றை நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் பிள்ளைகள் யூடியூப்பில் தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டு வீடியோக்கள். மிக நன்றாகப் படிப்பிக்கிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் சொற்களில். நம் புத்தகத்தில் ஒட்சிசன், அங்கே ஆக்சிஜன். நமக்கு ஒளித்தொகுப்பு, அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை. நாம் பௌதிகவியல் என்பதை அவர்கள் இயற்பியல் என்கிறார்கள், நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம். போன தவணைப் பரீட்சையில் ஒரு மாணவி நேர்கோட்டு இயக்கத்தில் கணக்கை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, விடை முழுக்க முடுக்கம், முடுக்கம் என்று எழுதியிருந்தாள். விஞ்ஞான ஆசிரியர் புள்ளி கொடுத்துவிட்டார், ஏனென்றால் அவருக்குப் பிள்ளையைத் தெரியும். சாதாரண தரப் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்கு அவளைத் தெரியாது. இதைவிடச் சங்கடம், கேள்வித்தாளில் ஆர்முடுகல் என்று வரும்போது அது தனக்குத் தெரிந்த விஷயம்தான் என்று பிள்ளைக்கு விளங்காமல் போவது. அதனால் வெளி வீடியோ எதைக் காட்டினாலும் முதலில் இரண்டு சொல்லையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறோம். பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். கிழிக்க விடாதீர்கள்.

சொல் ஒரு பக்கம். இடமும் வேறுதானே. ஒரு வீடியோவில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று அழகாகக் காட்டினார்கள். நம் ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, வெப்பமானி 96இலேயே நிற்கிறது. வெப்பமானி பழுது என்று ஒருவன் சொல்ல, இன்னொன்றை எடுத்தார்கள். அதுவும் 96. அப்புறம்தான் ஆசிரியர் கேட்டார், நாம் கடல் மட்டத்தில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம்? ஏறத்தாழ 1,200 மீற்றர். மேலே போகப் போக வளியமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். நுவரெலியாவுக்குப் போனால் 94 அளவில்தான் கொதிக்கும். அங்கே வாக்கப்பட்டுப் போன நம் பெண்கள் பருப்பு வேக நேரமாகிறது என்று சொல்வது இதனால்தான். வெப்பமானி சரி, வீடியோவும் சரி, அது எடுத்த இடம்தான் வேறு. அந்தப் பாடத்தை நம் ஆசிரியர் திரும்ப எடுத்து நாலரை நிமிட வீடியோ ஆக்கியிருக்கிறார். என்னைக் கேட்டால் இதுவரை எடுத்ததில் அதுதான் சிறந்தது. ஆனாலும் வகுப்பில் அடுப்பை மூட்டிச் செய்து பார்த்த பிறகுதான் அதைக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கையால் செய்யக்கூடியதை வீடியோவில் முடித்துவிடும் சோம்பல் எங்களுக்கும் வரும்.

வகுப்பில் எப்படிக் காட்டுகிறோம் என்றால், ஐந்து நிமிட வீடியோவை இரண்டு மூன்று இடத்தில் நிறுத்துவோம். அடுத்த வரி என்ன வரும் என்று பிள்ளைகள் கொப்பியில் எழுத வேண்டும். பிறகுதான் ஓடவிடுவோம். ஆக ஐந்து நிமிட வீடியோ 15 நிமிடம் போகும். மிச்ச நேரம் கணக்குச் செய்வது, டீச்சர் வாங்கு வாங்காகப் போய்ப் பார்ப்பது.

இனி வீட்டு விஷயம். பழைய மாணவர்கள் 30 பென் டிரைவ் வாங்கித் தந்திருக்கிறார்கள். பாடத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கு முதலில் கொடுப்போம். உங்கள் டிவியில் அதைக் குத்த இடம் இருந்தால் டிவியிலேயே பார்க்கலாம், போனே வேண்டாம். வட்ஸ்அப்பில் வாங்குபவர்களுக்கு ஒரு வீடியோ 20 எம்பி அளவில் வரும். ஒரு தடவை இறக்கிவிட்டால் பிறகு டேட்டா செலவில்லை. ஆகவே போனைப் பிள்ளை கையில் கொடுக்கும்போது டேட்டாவை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். "பாடத்துக்கு டேட்டா வேணும்மா" என்று கேட்டால் அது நம் வீடியோ இல்லை. ரீலோட் போடக் காசு கேட்டாலும் அப்படித்தான். போனை வீட்டு வாசலிலோ, எல்லோரும் இருக்கும் இடத்திலோ வைத்துப் பார்க்கட்டும், போர்வைக்குள் வேண்டாம்.

எங்களுக்குப் படிப்பு இல்லையே, என்ன கேட்பது என்று சில அம்மாமார் சங்கடப்படுகிறீர்கள். ரொட்டி சுடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னைக்கு என்ன பார்த்த, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள், போதும். சரியா பிழையா என்று நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. எங்கே திக்குகிறதோ அந்த இடத்தை மறுநாள் டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். வேலை நாளில் வைத்தால் உங்களுக்கு அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும் என்பதால் ஞாயிறு. அந்தத் தண்ணீர் கொதிக்கும் வீடியோவை உங்களுக்கும் போட்டுக் காட்டுவோம், பார்த்துவிட்டுச் சண்டை பிடிக்கலாம். மண்டபக் கூரை இன்னும் ஒழுகுவதால் தரம் 6 வகுப்பறைக்கு வாருங்கள், வாங்குகள் சிறியவை. வர முடியாதவர்கள் பக்கத்து வீட்டாரிடம் பென் டிரைவைக் கொடுத்து அனுப்பினால், வீடியோக்களைப் போட்டுத் தருகிறோம்.

அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை: தோடு காதிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அதிபர்