பதினைந்து நாள், தவணை முறையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆவது பிரிவு போதிய அளவு பேசப்படவில்லை. கைதானவரை விசாரணைக்காக போலீஸ் வசம் வைக்கும் போலீஸ் காவல் (கஸ்டடி) அன்றும் 15 நாள், இன்றும் 15 நாள்தான். ஆனால் பழைய சட்டத்தில் அது ரிமாண்டின் (நீதிமன்ற உத்தரவுப்படி காவலில் வைப்பதன்) முதல் 15 நாளோடு முடிந்துவிடும். 1992இல் அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. இப்போது குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம். சிறைக்குப் போனவர் ஐந்தாவது வாரத்தில் மறுபடி ஸ்டேஷனுக்குக் கொண்டுவரப்படலாம்.

ஜாமீன் மனு வந்தால், 'கஸ்டடி பாக்கி இருக்கிறது' என்று எதிர்க்கவும் இது வசதி. முதல் 15 நாளுக்குப் பிறகும் கஸ்டடி தேவை என்பது மட்டுமே ஜாமீனை மறுக்கப் போதாது என்று 480ஆவது பிரிவு சொல்கிறது. மனுவில் அந்த வரியை எழுத வக்கீல்களே மறந்துவிடுவது வேறு விஷயம்.

ஒவ்வொரு கஸ்டடி உத்தரவிலும் 'பயன்படுத்தியது இத்தனை நாள், மீதி இத்தனை' என்று மாஜிஸ்திரேட் எழுத வேண்டும். போகும்போதும் திரும்பும்போதும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். காயம் உண்டா என்று சான்றிதழைப் பார்த்தல்ல, ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும். 2020இல் போலீஸார் தாக்கியதில் இறந்த சாத்தான்குளம் தந்தை, மகனுக்கும் மருத்துவச் சான்று, ரிமாண்டு உத்தரவு இரண்டுமே இருந்தன.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர், மதுரை