ஏரியைப் பார், புதரையும் பார்

அன்பு மகளுக்கு,

கூடாரம் போட எந்த இடம் நல்லது என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு படங்களையும் அம்மாவும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். ஏரியை ஒட்டினாற்போல இருக்கும் முதல் இடத்தைப் பார்த்ததும் "அதையே எடுத்துக்கட்டும்" என்றாள் அம்மா. கூடாரத்தை விட்டு இறங்கினால் தண்ணீர், யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் படத்தின் வலது மூலையைப் பெரிதாக்கிப் பார். ஒரு சின்ன ஓடை அங்கேதான் ஏரியில் கலக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

உனக்கு நான்கு வயதிருக்கும்போது ஆற்றோர மணல் திட்டில் கூடாரம் போட்டோம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மழை எங்கோ மேலே மலையில் பெய்திருக்கிறது. நடுராத்திரியில் முதுகுக்கடியில் சில்லென்று இருந்ததும் விழித்துப் பார்க்கிறேன், வாசலில் விட்ட செருப்பு மிதக்கிறது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறினோம். விடிந்ததும் பார்த்தால், பக்கத்துப் புதரில் என் இடுப்பு உயரத்தில் சருகும் கந்தல் துணியும் சிக்கிக் கிடந்தன. அன்றைக்கு வந்தவை அல்ல; வெயிலில் வெளுத்துப்போன பழைய குப்பை. முந்தின மாலையும் அங்கேயேதான் இருந்திருக்கும். நான்தான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால், போனதும் முதலில் கரையோரம் ஒரு நடை போ. சருகு, குச்சி, சேற்றுக்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள். தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலேதான் உன் கூடாரம். கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது, ஏறக்குறைய 80 எட்டு வைத்து நடக்கும் தூரம். தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளுக்கும் அது வழி விட்டதாக இருக்கும். ஆற்றோரம் என்றால் மேலே அணை இருக்கிறதா என்றும் கேள். திறந்துவிட்டால் மழையே இல்லாமல் தண்ணீர் ஏறும். கடற்கரை என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அலை வழக்கத்தைவிட மேலே ஏறும்.

மேட்டில் இருக்கும் இரண்டாவது இடம் எனக்குப் பிடித்தது. ராத்திரியில் குளிர்காற்று பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். தண்ணீரோரம் தாழ்வாகப் படுத்தால் காலையில் கூடாரத்தின் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக ஈரம் கோத்திருக்கும். மேட்டில் கொஞ்சம் காற்றும் வரும், கொசுவும் குறையும். ஆனால் அந்தப் பெரிய மரத்தடி வேண்டாம். காய்ந்த கிளை ஒன்று தொங்குகிற மாதிரி தெரிகிறது.

மாப்பிள்ளை கேரவன் எடுக்கலாம் என்கிறாராமே. எடுங்கள், ஆனால் கரையோரப் புல்தரையில் மட்டும் நிறுத்த வேண்டாம். மேலே பச்சையாக இருக்கும், அடியில் சதசதவென்று. கனமான வண்டி ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும். முன்பதிவு செய்யும்போது வண்டியின் முழு நீளத்தைச் சொல்லி அந்த இடம் கொள்ளுமா, மின் இணைப்பு எத்தனை ஆம்பியர், கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது.

அப்புறம், எவ்வளவு குளிரினாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவராதே. அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குட்டிப்பயல் தண்ணீர்ப் பக்கம் போனால் லைஃப் ஜாக்கெட்டோடுதான் போக வேண்டும், நீங்கள் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். சேர்ந்ததும் ஒரு படம் அனுப்பு. ஏரிப் படம் அம்மாவுக்கு. எனக்குப் புதர்.

அன்புடன்,
அப்பா