மருமகளை மட்டும் சோதித்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுத்தடுத்துக் கரு கலைந்தால் நம் வீடுகளில் விசாரணை ஒருத்தியிடம்தான் நடக்கும். பப்பாளி சாப்பிட்டாயா, குடத்தைத் தூக்கினாயா, பஸ்ஸில் எதற்குப் போனாய். என் அண்ணிக்கும் அப்படித்தான். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பை ஸ்கேன், ரத்தம் உறைவதற்கான சோதனை என்று எல்லாம் பார்த்து, எல்லாம் நார்மல், காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அண்ணனிடம் ரத்தம் எடுக்க யாருக்குமே தோன்றவில்லை.

கடைசியில் வேறொரு டாக்டர் இருவருக்கும் கேரியோடைப் பரிசோதனை எழுதினார், அதாவது செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களை ரத்தத்திலிருந்து பார்க்கும் சோதனை. அண்ணனின் இரண்டு குரோமோசோம்களில் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தன. எதுவும் கூடவோ குறையவோ இல்லை என்பதால் அவருக்கு ஒரு நோயும் கிடையாது. ஆனால் விந்தணுவுக்கு நம்மிடம் உள்ள 46 குரோமோசோம்களில் பாதிதான் போகிறது. இரண்டு புத்தகங்களின் சில பக்கங்கள் மாறித் தைக்கப்பட்டிருந்தால், இரண்டும் கையில் இருக்கும்வரை குறை தெரியாது. ஒன்றை மட்டும் கொடுத்தால் வாங்கியவருக்கு ஒரு பகுதி இருக்காது, வேண்டாத பகுதி கூடுதலாக இருக்கும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் வளராமல் நின்றுவிடுகிறது. எல்லாக் கருவும் அப்படி ஆவதில்லை.

தொடர் கருச்சிதைவு உள்ள நூறு தம்பதிகளில் 2 முதல் 5 தம்பதிகளிடம் இந்த இடமாற்றம் இருக்கும், கணவனிடமும் இருக்கலாம், மனைவியிடமும் இருக்கலாம். மற்றவர்களுக்கு? முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் எண்ணிக்கையே பிசகியிருக்கிறது, அதில் 16-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது அடிக்கடி காணப்படுவது. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல, அந்த ஒரு கருவில் தற்செயலாக நேர்வது, பெண்ணுக்கு வயது ஏற ஏற வாய்ப்பும் கூடும். பப்பாளிக்கும் பஸ்ஸுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை!

டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும்போது எடுக்கும் திசுவைச் சோதித்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அண்ணிக்கு எடுத்ததை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் மருந்தில் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஃபார்மலினில் விழுந்தால் செல்கள் செத்துவிடும், அப்புறம் அவற்றை லேபில் வளர்த்துக் குரோமோசோம் பார்க்க வழியில்லை. நார்மல் சலைன் என்ற உப்புநீரில் போட்டு உடனே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனில் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்றாவது கருச்சிதைவிலிருந்து திசுவைச் சோதிக்கச் சொல்கிறது, அது முடியாவிட்டால் கணவன் மனைவி இருவரின் ரத்தத்தையும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குரோமோசோம் மாற்றம் என்று ரிப்போர்ட் வந்ததும், அதுவும் மனைவிக்கு என்றால், இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுக்கிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். இப்படிப்பட்ட தம்பதிகளில் பெரும்பாலோருக்குப் பிறகு இயற்கையாகவே குழந்தை பிறக்கிறது. கரு தங்கினால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரைச் சோதித்துக் குழந்தையின் குரோமோசோமைப் பார்க்கலாம்.

தனியாரில் இந்தச் சோதனைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது, கூலி வேலைக்குப் போகிறவர்கள் எங்கே போவார்கள்? எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் திசுச் சோதனையும் இருவருக்குமான ரத்தச் சோதனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், முடிவை உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒரு மரபியல் ஆலோசகரும் வேண்டும். சுகாதாரத் துறை இதைக் கவனிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கரூர்