கேட்காமலேயே கிடைத்ததாம்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மகளிர் தினச் சிறப்புப் பக்கத்தில், இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்காமலேயே கிடைத்தது என்று ஒரு வரி வந்திருக்கிறது. எழுதியவர் அவசரத்தில் எழுதியிருப்பார், பாவம். அதைப் பார்த்து அச்சுக்கு அனுப்பிய உங்களுக்குமா தெரியாது?

இலங்கையின் ஆட்சிமுறையை எப்படி மாற்றலாம் என்று பார்க்கப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927இல் வந்தபோது, கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்து அதன் முன் போய்ச் சாட்சியம் சொன்னது நீங்கள் அறிந்ததுதான். அக்னஸ் டி சில்வா, டாக்டர் மேரி ரட்ணம், நேசம் சரவணமுத்து எல்லாம் அதில் நின்றவர்கள். தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டதற்கு, அவர்களும் பெண்கள்தானே, எல்லாருக்கும் வேண்டும் என்றார் அக்னஸ். சேர் பொன். இராமநாதன் போன்ற பெரியவர்களே எதிர்த்து நின்ற காலம் அது. (அந்தத் தோட்டப் பெண்களின் வாக்கை 1949இல் பறித்தார்கள். அதற்கு நீங்கள் சிறப்புப் பக்கம் போட்டதாக எனக்கு நினைவில்லை.) ஆணைக்குழு கடைசியில் பெண்களுக்கு 30 வயது என்றது, ஆண்களுக்கு 21. பிறகு அதையும் மாற்றி, 1931இல் இருவருக்கும் 21 ஆனது. கேட்காமல் கிடைத்த ஒன்றுக்கு இத்தனை பேரமா?

இன்னொன்று. 1931இல் தமிழர் தேர்தலைப் பகிஷ்கரித்தனர் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். பகிஷ்கரித்தது யாழ்ப்பாணம். மட்டக்களப்பு விலகி நிற்கவில்லை. தமிழர் என்றால் யாழ்ப்பாணம் மட்டும்தான் என்று நினைப்பது உங்கள் பத்திரிகைக்குப் பழகிப்போனதுதான், சரி விடுவோம்.

என் அம்மம்மா, வேட்பாளருக்கு ஒரு நிறமாகப் பெட்டி வைத்திருந்த காலத்தில் வாக்குப் போட்டவர். ஆளின் பெயரை மறந்தாலும் பெட்டியின் நிறத்தைக் கடைசிவரை சொல்லுவார். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் அவர் பெயரில். அம்மப்பா அங்கே வந்து குடியிருந்தவர். யாருக்குப் போடுவது என்று அம்மப்பாவிடம் கேட்கவே இல்லை என்பதில் அம்மம்மாவுக்குத் தனிப் பெருமை.

அந்த வீட்டுக் கொள்ளுப்பேத்திக்கு 2018இல் நடந்ததைக் கேளுங்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் என்று சட்டம் வந்துவிட்டதல்லவா, ஒரு கட்சிக்காரர் என் தங்கை மகளைத் தேடி வீட்டுக்கே வந்தார். “நம்மட பட்டியலுக்கு ஒரு பொம்புளை குறையுது தங்கச்சி, கையெழுத்து மட்டும் வைங்க” என்றார். வைத்தாள். நோட்டீஸில் அவளுடைய படம் இல்லை. கூட்டத்தில் பேசவிடவில்லை. ஆண்கள் பேசி முடிக்கும்வரை தேநீர் கொடுக்கச் சொன்னார்கள். பட்டியலில் கிடைத்த இடமும் ஒரு பிரமுகரின் சொந்தக்காரிக்குப் போனது. அவளும் பெண்தானே, கணக்குச் சரியாகிவிட்டது.

இதையெல்லாம் எழுத உங்களுக்கு இடமில்லை. சிறிமாவோவின் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். 1980இல் பொத்துவிலுக்கு உறுப்பினராகப் பாராளுமன்றம் போன ரங்கநாயகி பத்மநாதனுக்கும், 2004இல் மட்டக்களப்பில் வென்ற தங்கேஸ்வரி கதிராமனுக்கும் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. பக்கத்தின் பாதி வட்டிலப்பம் செய்முறை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம். சமையல் குறிப்புக்கு அடியில் போட்டாலும் பரவாயில்லை, பெண்கள் அங்கேதான் பார்ப்போம் என்பது உங்கள் முடிவு போலிருக்கிறது. முன்பு எழுதிய கடிதத்தில் பாராட்டிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள். இந்தக் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியை,
ஆரையம்பதி