கட்டியது யாருடைய வயிற்றை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நடுப்பக்கக் கட்டுரை, வெளிநாட்டுக் கடனை முழுவதும் அடைத்துக் காட்டிய நாடு என்று கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1989 வரை ஆண்ட ருமேனியாவைப் புகழ்ந்திருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்த கடன் என்று கட்டுரையாளர் மெச்சியிருந்தார். அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படிக் கடன் அடைத்திருக்கிறோம். அக்காளின் கல்யாணக் கடனுக்காக என் அம்மா இரண்டு வருடம் இரவில் கஞ்சியோடு படுத்தார். ஆனால் அம்மா கட்டியது தன் வயிற்றை. எவ்வளவு கடன், யாருக்கு, எப்போது தீரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போதும் என்று அப்பா சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வார். ருமேனியாவில் கட்டியவர் ஒருவர், கட்டப்பட்ட வயிறு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களுடையது.

நான் 31 வருடம் கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். 1985 ஜனவரியில் கோவாவிலுள்ள மர்மகோவா துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு, கருங்கடல் கரையிலுள்ள ருமேனியத் துறைமுகமான கான்ஸ்டன்சாவுக்குப் போனோம். சரக்கு இறக்க 11 நாள் ஆயிற்று. கப்பல் கட்டியிருந்த கயிறுகளில் பனி உறைந்து கிடந்த குளிர். இறக்கும் கிரேனை ஓட்டியவர் ஐம்பது வயதைக் கடந்தவர், துறைமுகத்தில் பழகிய ஆங்கிலம் கொஞ்சம் பேசுவார். முதல் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். அடுப்புப் பக்கம் கையை நீட்டிச் சூடு காட்டிக்கொண்டாரே தவிர, உட்காரவில்லை. காபி கொடுத்தேன். கோப்பையை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தார். பிறகுதான் குடித்தார். அவர்கள் ஊரில் அப்போது காபி என்று விற்றது வறுத்த தானியங்களைக் கலந்த தூள். குதிரை கனைப்பதை நினைவூட்டும்படி அதற்கு மக்கள் ஒரு கேலிப் பெயரே வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். நான் டப்பாவோடு எடுத்தேன். வேண்டாம் என்று பதறிவிட்டார். ஒரு காகிதத்தை விரித்து இரண்டு கரண்டி மட்டும் போடச் சொல்லி, நாட்டு மருந்துக்கடைப் பொட்டலம்போல் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பதற்றத்தின் காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எண்ணெய், சர்க்கரை, மாவு, அரிசி, காபி இவற்றை ஒரு மாதத் தேவைக்கு மேல் வீட்டில் வாங்கி வைத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை என்று 1981இல் அங்கே ஆணை போட்டிருந்தார்கள். அரிசியைச் சேர்த்துவைப்பது குற்றம்! சமையல்காரனான எனக்கு இதை எழுதும்போது இன்றும் கை நடுங்குகிறது.

அவர் பேச வேண்டுமென்றால் முதலில் புகைபோக்கி விசிறியைப் போடச் சொல்வார். அந்த இரைச்சலில்தான் பேசுவார். பன்றிக் காலைக் காட்டி, எங்கள் கடையில் இதுதான் கிடைக்கும், இதற்கு நாங்கள் அடிடாஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றார். மீதிப் பன்றி எங்கே என்று கேட்டேன். துறைமுகத்தைக் காட்டினார். அடுத்த தளத்தில் வேறொரு கப்பலில் இறைச்சிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

ஐந்தாம் நாள் அவர் வரவில்லை. கரையில் பார்த்துக் கைகாட்டினேன், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். ஏதோ தவறாகப் பேசிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வெளிநாட்டவரோடு பேசினால் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே இருந்ததைக் கப்பல் கிளம்பும் நாளில் ஏஜெண்ட் சொல்லித்தான் அறிந்தேன்.

கடன் எப்படி வந்தது என்பதையும் கட்டுரையாளர் சொல்லவில்லை. 1970களில் மேற்கத்திய வங்கிகளில் வாங்கிப் பெரிய பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைக் கட்டினார்கள். சொந்தக் கிணறுகளில் எண்ணெய் வற்றத் தொடங்கியிருந்த நேரம் அது. ஈரானிலிருந்து வாங்கிச் சமாளித்தார்கள். 1979இல் அங்கே புரட்சி வந்தது, எண்ணெய் விலை ஏறியது, வட்டியும் ஏறியது. 1981இல் கடன் சுமார் 1,000 கோடி டாலர். ஆலைகளைக் கட்டும்போது எந்தத் தொழிலாளியைக் கேட்டார்கள்? நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் பன்னாட்டு நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) வாசலை மிதிக்காத நாடு என்று கட்டுரையில் இருப்பதும் பிழை. ருமேனியா 1972இலேயே அதில் உறுப்பினராகிவிட்டது.

என்னால் பொறுக்கவே முடியாதது 1980களில் கொண்டுவந்த அறிவியல்பூர்வ உணவுத் திட்டம். மக்கள் அளவுக்கு மேல் தின்கிறார்கள் என்று சொல்லி, ஆளுக்கு இவ்வளவு இறைச்சி, இவ்வளவு முட்டை, இவ்வளவு எண்ணெய் என்று அட்டவணை போட்டார்கள். அந்த அளவாவது கடையில் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. பல மாவட்டங்களில் நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் ரொட்டி. இல்லை என்று சொல்லியிருந்தால்கூட ஜனங்கள் பொறுத்திருப்பார்கள். இல்லாததை இல்லை என்று சொல்ல மனமில்லாமல், பசித்தவனைப் பார்த்து நீ பெருந்தீனிக்காரன் என்றார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

என் தந்தை தூத்துக்குடித் துறைமுகத்தில் செங்கொடிச் சங்கத்தில் இருந்தவர். மூட்டை தூக்குகிறவன் முதலாளியின் கணக்கைக் கேட்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கணக்குக் கேட்ட தொழிலாளியை அந்தக் கொடியின் பெயரிலேயே அடித்ததை நான் எப்படி ஒப்புவேன்? 1987 நவம்பர் 15 அன்று பிராஷோவ் நகரில், செங்கொடி என்றே பெயர் கொண்ட லாரித் தொழிற்சாலையிலிருந்து, கூலியை வெட்டியதைத் தாங்க முடியாமல் தொழிலாளர்கள் ஊர்வலமாகக் கிளம்பினார்கள். கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது உள்ளே விருந்துச் சாப்பாடு தயாராக இருந்ததைக் கண்டதாக அதில் பங்கேற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சௌசெஸ்குவின் படங்களை ஜன்னல் வழியே வெளியே வீசினார்கள். முந்நூறு பேர்வரை பிடித்துச் சென்று அடித்தார்கள். 61 பேருக்குத் தண்டனை கொடுத்து வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். குற்றம் என்ன தெரியுமா? ரௌடித்தனமாம். 1989இல் சௌசெஸ்குவின் ஆட்சியைக் கவிழ்த்த மக்கள் எழுச்சி முழுக்க அந்நியச் சதி என்று கட்டுரை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. இரண்டு வருடம் முன்னால் பிராஷோவில் தெருவுக்கு வந்தவர்கள் எந்த அந்நியனின் ஆட்கள்?

நாக்கைக் கட்டினால் கணக்கும் பொய்யாகிறது. 1989இல் தானிய விளைச்சல் 6 கோடி டன் என்று மேலிடத்துக்குச் சொன்னார்கள். உண்மையில் விளைந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கிராமத்து அதிகாரி மாவட்டத்துக்குப் பயந்து கூட்டிச் சொன்னார், மாவட்டம் தலைநகருக்குப் பயந்து மேலும் கூட்டியது. அந்தக் கணக்கை வைத்துத்தான் நாட்டுக்கு எவ்வளவு, ஏற்றுமதிக்கு எவ்வளவு என்று பிரித்தார்கள்.

அந்த வருடம் ஏப்ரலில் கடன் தீர்ந்ததாக அறிவித்தார்கள். இனி வெளியே கடனே வாங்கக் கூடாது என்று சட்டமும் போட்டார்கள். கடன்தான் காரணமென்றால் மே மாதம் கடையில் இறைச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏற்றுமதி அப்படியே நடந்தது, விடியுமுன் கடைவாசலில் பையையும் கல்லையும் போட்டு இடம் பிடிக்கும் வரிசையும் அப்படியே நின்றது. டிசம்பரில் ஆட்சி கவிழும் வரை நின்றது.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால் என்னைப் பற்றிய வரிகளை எடுத்துவிடுங்கள். அந்தக் கிரேன் ஓட்டுநரைப் பற்றியதை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்,
தூத்துக்குடி.