மில்லி வனிலி படத்தின் தமிழ்க் குரல்தடம் பற்றிய புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

மில்லி வனிலி பற்றிய திரைப்படம்: தமிழ் டப்பிங், உபதலைப்புக் குறைபாடுகளும் கட்டணத்தை மீளளித்தலும்

தங்கள் செயலியில் "முழுமையான தமிழ்" என்ற குறிப்போடு உள்ள மேற்படி படத்தை 950 ரூபா வாடகை கட்டிப் பார்த்தோம். ஆங்கிலத் தடத்தில் குறையில்லை. தமிழ்த் தடத்தில் கதையே மாறிக் கிடக்கிறது. தொலைபேசியில் சொன்னபோது செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவும்படி பதில் வந்தது. கோளாறு செயலியில் இல்லை, ஒலிக்கலவையில் இருக்கிறது. தயவுசெய்து இந்தக் கடிதத்தை ஒலி வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுக்கவும்.

ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜேர்மன் தயாரிப்பாளர் சார்ள்ஸ் ஷா, ஜோன் டேவிஸ், பிராட் ஹவல் முதலானோரை ஸ்டூடியோவில் பாடவைத்துவிட்டு, மேடையில் ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வன் என்ற இரு நடனக்காரரை மில்லி வனிலி என்ற பாட்டுக்குழுவாக நிறுத்தி வாயசைக்க விட்டார். (போனி எம் குழுவில் பொபி ஃபரல் வாயசைத்ததும் இதே ஃபாரியனின் குரலுக்குத்தான். கொழும்புக் கலியாண வீடுகளில் இன்னும் அதற்கு ஆடிக்கொண்டிருக்கிறோம்.) 1990 பெப்ரவரியில் இருவருக்கும் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி இசை விருது கிடைத்தது. நவம்பரில் ஃபாரியன் உண்மையை ஒப்புக்கொண்டார், அதே மாதம் விருது பறிபோனது. எந்த வாயிலிருந்து யாருடைய குரல் வருகிறது என்பதைத் தவிர இந்தக் கதையில் வேறு மர்மம் இல்லை.

தங்கள் தமிழ்த் தடத்தில் ராப்புக்கும் பிராட் ஹவலுக்கும் ஒரே டப்பிங் கலைஞர் பேசியிருக்கிறார். பாடல்களை ஆங்கிலத்திலேயே விட்டது சரியான முடிவு. ஆனால் ஒலிப்பதிவு அறையில் பாடி முடித்தவர் பேசும் அதே தமிழ்க் குரலில் மேடையில் ராப்பும் பேசினால், பார்ப்பவர் இருவரையும் ஒருவராகத்தான் கேட்பார். மோசடி கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. செலவைக் குறைக்க ஒருவரை இரண்டு மூன்று பாத்திரங்களுக்குப் பேசவைப்பது வழக்கம்தான். கடைக்காரர், பொலிஸ்காரர் என்று கொடுத்திருக்கலாம்.

பேச்சுநடையும் அப்படியே. மியூனிக்கில் வளர்ந்த ராப்பும் பாரிஸில் பிறந்த ஃபாப்பும் பேட்டிகளில் தடுமாறி ஆங்கிலம் பேசியதாலேயே, இவ்வளவு சுத்தமாகப் பாடுவது இவர்கள்தானா என்ற சந்தேகம் எழுந்தது. தமிழில் இருவரும் வானொலிச் செய்தி வாசிப்பவர்போலப் பேசுகிறார்கள். எதிரே இருக்கும் நிருபர் ஏன் புருவத்தை உயர்த்துகிறார் என்பது யாருக்கும் விளங்காது. பேட்டிக் காட்சிகளை மட்டும் மூல ஒலியில் விட்டு உபதலைப்புப் போட்டிருந்தால் போதும்.

ஆகப் பெரிய தவறு பத்திரிகையாளர் சந்திப்பில் நடந்திருக்கிறது. 1990 நவம்பரில் லொஸ் ஏஞ்சலிஸில் ராப்பும் ஃபாப்பும் தங்களுக்கும் பாட வரும் என்று காட்ட, நிருபர்கள் முன்னால் சொந்தக் குரலில் பாடிக்காட்டினார்கள். டப்பிங்குக்கு வரும் எம் அண்ட் ஈ தடத்தில் இசையும் சத்தங்களும் மட்டுமே இருக்கும். வாத்தியம் இல்லாமல் வாயால் பாடுவது வசனத் தடத்தில் கிடக்கும். வசனத் தடத்தை எடுத்தவுடன் இந்தப் பாட்டும் போய்விட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க யாரோ முன்னைய காட்சியின் ஸ்டூடியோப் பாட்டை வெட்டி ஒட்டியிருக்கிறார். நிருபர்கள் நிறைந்த அறையில் டிரம்ஸ் இல்லாமலே டிரம்ஸ் கேட்கிறது. பாவம், சொந்தக் குரலில் பாடிய இடத்திலும் அவர்களை மறுபடி வாயசைக்க வைத்துவிட்டீர்கள். விநியோகஸ்தரிடம் அந்தக் காட்சியின் வசனத் தடத்தைத் தனியாகக் கேட்டு வாங்கி, பாடும் பகுதியை மட்டும் தமிழ்க் கலவையில் சேர்த்தால் இது சரியாகும்.

1989இல் கனெக்டிகட் மேடையில் ஒலிப்பதிவு சிக்கி "கேர்ள் யூ நோ இட்ஸ்" என்ற துண்டு திரும்பத் திரும்ப ஓடியதும் ராப் மேடையைவிட்டு ஓடியதும் கதையின் திருப்புமுனை. தமிழ்த் தடத்தில் அந்தத் துண்டு ஒரே தடவைதான் வருகிறது. தரப் பரிசோதனையில் ஒலிப்பிழை என்று எண்ணி வெட்டியிருக்க வேண்டும். ராப் காரணமில்லாமல் ஓடுகிறார்.

தமிழ் உபதலைப்புக்கு மாறிப் பார்த்தோம். அது செக்கனுக்கு 25 படச்சட்டங்கள் (ஃபிரேம்) ஓடும் பிரதிக்குச் செய்தது, தாங்கள் ஓடவிடுவது 24 படச்சட்டங்கள் ஓடும் பிரதி. பத்தாவது நிமிடத்தில் 24 செக்கனும், ஒரு மணித்தியாலத்தில் 2 நிமிடம் 24 செக்கனும் முந்திவிடுகிறது. ஃபாரியன் வாய் திறக்கும் முன்னரே ஒப்புதல் வாக்குமூலம் திரையில் வந்துவிடுகிறது. தாமத அளவைக் கூட்டச் சொன்ன தங்கள் ஆலோசனை உதவாது, இடைவெளி நிமிடத்துக்கு நிமிடம் வளர்கிறது. எல்லா நேரக்குறிகளையும் 25/24ஆல் பெருக்க வேண்டும். எந்த உபதலைப்பு மென்பொருளிலும் ஐந்து நிமிட வேலை.

கடைசியாகப் பெயர்ப் பட்டியல். எங்கள் படங்களில் நடிகர் வாயசைப்பதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை, பாடியவர் பெயர் போடப்படுகிறது. மில்லி வனிலி விவகாரத்தில் அந்தப் பெயர்தான் மறைக்கப்பட்டது. அதைச் சொல்லும் படத்தின் தமிழ்ப் பதிப்பில் ஒரு டப்பிங் கலைஞரின் பெயர்கூட இல்லை!

அமெரிக்காவில் மில்லி வனிலி இசைத்தட்டு வாங்கியவர்களுக்கே 1991இல் வழக்குத் தீர்வின்படி பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. நாங்கள் 950 ரூபாவையும் முழுமையாகக் கேட்கிறோம். தடம் திருத்தப்படும்வரை "முழுமையான தமிழ்" என்ற குறிப்பை நீக்கவும். திருத்தும்போது குரல் கொடுத்தவர்களின் பெயர்களையும் சேர்க்கவும்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவோம். சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் அதற்குமேல் பொறுக்க இயலாது. பற்றுச்சீட்டின் பிரதியும் காட்சிவாரியான நேரக்குறிப் பட்டியலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
தங்கள் சந்தாதாரர்கள்